நான் தம்பியை விற்ற காலை

ஆகஸ்ட் மாதம் வந்தால் எனக்குக் கோபம் வரும். மொன்ட்ரியாலின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி மலிகிற மாதம் அது. என் தம்பி பிள்ளைகளைக் கழிக்கிற மாதமும் அதுதான். அவன் ஒரு பல்கலைக்கழக அணிக்கு ஃபுட்போல் கோச். இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் அவன் கழித்தவர்களில் என் மகனும் ஒருவன்.

ஃபுட்போல் என்றால் நாங்கள் ஊரில் உதைத்த பந்து அல்ல. ஹெல்மெட் போட்டு, தோளில் பலகை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆளோடு ஆள் கிடாய் மாதிரி முட்டுகிற அமெரிக்கன் ஃபுட்போல். கனடாவில் அதற்குச் சில விதிகள் வேறு என்று தம்பி சாப்பாட்டு மேசையில் கரண்டியையும் உப்புப் போத்தலையும் வைத்து விளக்குவான். எனக்கு இரண்டும் முட்டுத்தான்.

நான் அவனுக்குப் பத்து வயது மூத்த அக்கா. மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அம்மா தையல் ஆலைக்குப் போனதால் அவனை வளர்த்தது நான். பதினான்கு வயதிலேயே கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. சோறு போட்டு மாளாது. பள்ளிக்கூடத்தில் அந்த உடம்பைக் கண்ட வாத்தியார் ஒருவர் அவனை மைதானத்தில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவன் புத்தகத்தைத் திறந்து நான் கண்டதில்லை. பங்குக் கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, "தம்பி டொக்டருக்கோ எஞ்சினியருக்கோ படிக்கிறார்?" என்று கேட்பார்கள். "முட்டுறதுக்குப் படிக்கிறான்" என்பேன்.

முட்டுவதிலும் அவனுக்குக் கிடைத்தது கடைசி வேலை. பந்தோடு ஓடுகிறவன் அல்ல, பந்தைப் பிடிக்கிறவனும் அல்ல. அணி பந்தை உதைத்துத் தள்ள வேண்டி வரும்போது மட்டும் உள்ளே போவான். குனிந்து, தலையைக் கீழே விட்டுக் கால்களுக்கிடையால் பின்னே பார்த்து, தூரத்தில் நிற்கும் உதைகாரனின் கைக்குப் பந்தை எறிவான். எறிந்த அந்தக் கணமே முன்னால் நிற்பவன் வந்து அவன் தலையில் மோதுவான். ஒழுங்காக எறிந்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். பிழைத்தால் மைதானமே திட்டும். முதல் ஆட்டம் பார்க்க வந்த அம்மா, "இவன் ஏன் பிள்ளை சனத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிக்கிறான்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனால் அவனுக்கு அதுதான் உயிர். பல்கலைக்கழக அணிக்குக் கூப்பிட்டபோது மூன்று நாள் சோறு கேட்காமல் இருந்தான். அவ்வளவு பயம்.

கூப்பிடுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு. ஆகஸ்டில் முகாம் நடக்கும். தேவையானதைப் போல இரண்டு மடங்கு பிள்ளைகள் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஹெல்மெட். யார் யார் என்று தெரிவதற்காக, ஹெல்மெட்டின் நெற்றியில் வெள்ளை டேப் ஒட்டி, கறுப்பு மையால் பெயரை எழுதிவிடுவார்கள். எங்கள் பெயரின் நீளத்துக்கு நெற்றி காணாது. முதல் நாலு எழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். கழிக்க வேண்டிய நாளில் கோச் விடிய வெள்ளன வந்து, வேண்டாத பிள்ளைகளின் டேப்பை உரித்துவிடுவார். பிள்ளை வந்து பார்ப்பான். நெற்றி வெறுமையாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் இல்லை.

முகாம் நாட்களில் பிள்ளைகள் அங்கேயே விடுதியில் படுப்பார்கள். கடைசி வாரம் ஒருநாள் பின்னேரம் தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பல்லுக்குப் போடுகிற ரப்பரை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அது இல்லாமல் மைதானத்தில் இறங்க விடமாட்டார்கள். நான் அப்போது சந்தையில் ஓர் இத்தாலியனின் மரக்கறிக் கடையில் வேலை. கடை திறக்க முன்னர் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒருவரிடம் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரில் அதிபரைப் பார்க்கப் போனாலும் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் இருக்கும். இங்கே கோச்சுக்கு அப்படி யாரும் கொண்டுபோவதில்லை என்று தம்பி பல தடவை சொல்லியிருந்தான். முன்பு நான் கொடுத்துவிட்ட தக்காளிப் பைகளை எல்லாம் வெட்கப்பட்டு வழியிலேயே கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டானாம். அன்று நானே கொண்டுபோனேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். தக்காளி இத்தாலியனுடையது.

சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கோச் தனியாக நின்றார். வெள்ளை மீசை, பெரிய வயிறு. ஹெல்மெட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக டேப்பை உரித்துத் தன் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தார். தோளிலிருந்து முழங்கைவரை டேப். அதில் எங்கள் நாலு எழுத்தும் இருந்தன.

அந்த நேரம் என் வாயில் இருந்த பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு மட்டும்தான். மரக்கறி விற்கப் போதும், கெஞ்சக் காணாது. "என் தம்பி கெட்டிக்காரன், தகப்பன் ஊரிலேயே நின்றுவிட்டார், இதை விட்டால் அவனுக்கு வேறொன்றும் இல்லை" என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. அந்த டேப்பைத் தொட்டுக் காட்டி, வாயில் வந்ததைச் சொன்னேன். காலையிலிருந்து மாலைவரை கடையில் சொல்கிறதைத்தான் சொன்னேன்.

"நல்லது, ஐயா. அழுகல் இல்லை. உள்ளுக்குக் கெட்டி. இண்டைக்குப் பச்சை, நாளைக்குப் பழுக்கும். கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. சரியில்லாட்டித் திருப்பிக் கொண்டு வாங்கோ, வேறை தாறன்."

வேறு தருகிறேனாம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு தம்பி.

கோச் என்னைப் பார்த்தார். தக்காளிப் பையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமி, வாங்கில் உட்கார்ந்துவிட்டார். எழும்பி வந்து சட்டைக் கையிலிருந்து எங்கள் டேப்பை எடுத்து, ஹெல்மெட்டில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். அதோடு விட்டுவிடவில்லை. வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து ஹெல்மெட்டின் டேப்பை உரித்துச் சட்டையில் ஒட்டினார். இடம் ஒன்றுதான், அதற்கு ஆள் இரண்டு. அந்தப் பிள்ளைக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள். அவள் அன்று வரவில்லை. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. ரப்பரைக் கோச்சிடமே கொடுத்துவிட்டுப் போய்க் கடையில் கத்தரிக்காய் அடுக்கினேன்.

தம்பியிடம் சொல்லவில்லை. பின்னேரம் அவன் போன் எடுத்து, "அக்கா, என்ரை டேப் நிண்டிட்டுது" என்றான். "நல்லது" என்றேன். அந்தச் சந்தோஷத்தில் என் பங்கைக் கேட்கிற அளவுக்கு நான் அப்போது கெட்டுப்போயிருக்கவில்லை.

நாலு வருடம் விளையாடினான். ஒழுங்காகத்தான் எறிந்தான், அதை மறைக்கமாட்டேன். பிறகு சம்பளத்துக்கு விளையாடுகிற அணி ஒன்றின் முகாமுக்கு மேற்கே போனான். ஒரு கிழமையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே நான் போகவில்லை. வந்த கையோடு முழங்கால் போனது. ஒரு வருடம் சோபாவில் கிடந்து என் சமையலில் குறை சொன்னான். அப்போதும் அந்தப் பழைய கோச் கிழவர்தான் கூப்பிட்டார். முதலில் தண்ணீர்ப் போத்தல் அடுக்குகிற அளவில் ஓர் உதவி வேலை. பிறகு எறிகிறவர்களைப் பழக்குகிற கோச். கிழவர் ஓய்வு பெற்றபோது அந்தத் தலைமைக் கோச் கதிரை தம்பிக்கு வந்தது.

எங்கள் சனத்துக்கு அப்போதுதான் ஃபுட்போல் என்றால் என்ன என்று தெரிந்தது. பங்கு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவன் உடம்புக்குப் பொன்னாடை கழுத்துத் துவாய் அளவில் கிடந்தது. மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னான். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தூக்கித் தரேல்லை. எனக்காக ஒருத்தரும் கதைக்கேல்லை. என்ரை டேப் என்ரை கையாலைதான் நிண்டது." மண்டபம் கை தட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்து நானும் தட்டினேன். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இவன் ஏணி இருந்ததே தெரியாதவன். இவனை என்ன செய்வது.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். படைக்கே தலைவன் என் தம்பி. எனக்கென்ன பயம் என்று நானும் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்கு எறியப் பழக்கியதும் அவன்தான். வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், குப்பைத் தொட்டியை உதைகாரன் என்று வைத்து, கோடை முழுவதும் பழக்குவான். மகன் மாமாவின் நடையைக்கூடப் பிடித்துக்கொண்டான். வீட்டில் பிரெஞ்சு பேசுகிற பிள்ளை, மாமாவோடு மட்டும் தமிழில் பேச முயல்வான். மாமாவின் அணியில் மாமா செய்த வேலையைச் செய்ய வேண்டும், அவனுக்கு வேறு ஆசை இல்லை. இருபது வயதில் அந்த முகாமுக்குப் போனான். அந்த இடத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையும் வந்திருந்தான். மகன் அவனைவிடக் கெட்டிக்காரன் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மயிரிழை கீழே. அந்தக் காலத்தில் தம்பி நின்ற இடமும் அதுதான்.

கடைசிக் கிழமைக்கு முன் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவனைக் கொஞ்சநாள் கூட வைச்சுப் பார் தம்பி. அவன் இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குப் பிடிச்சிடுவான்."

"அக்கா, உனக்கு இந்த நாடு இன்னும் விளங்கேல்லை. இஞ்சை சிபாரிசு எண்டு ஒண்டு இல்லை. எனக்கு ஆர் வந்து கதைச்சது?"

"ஓம்" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது நல்ல மனத்தால் அல்ல. சொன்னால் அந்த ரோசத்துக்கே அவன் பிள்ளையைக் கழிப்பான் என்று பயந்தேன். மகனின் இடம் அவன் விரல் நுனியில் இருந்தது. நான் வாயை மூடினேன்.

மூடியும் பிரயோசனம் இல்லை. கிழவராவது யாரும் காணாத நேரத்தில் உரித்தார். தம்பி கோச்சானதும் அது கோழைத்தனம் என்று மாற்றிவிட்டான். அவனுக்கு எல்லாம் முகத்துக்கு நேரே. பிள்ளைகளை ஹெல்மெட்டோடு மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து, தானே நடந்து வந்து, தலையில் இருக்கும்போதே உரிப்பான். உரித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் "மெர்சி" என்பான். நன்றி சொல்கிறானாம்.

மகன் அன்று பின்னேரம் வந்து பையைக் கதவடியில் போட்டான். "டேப் நல்லா ஒட்டியிருந்தது, அம்மா. இழுக்கேக்கை தலையும் சேர்ந்து போச்சு" என்றான். என்னோடு பிரெஞ்சில் பேசுகிறவன் அதைத் தமிழில் சொன்னான். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தால் நீ யாரோ நான் யாரோ. சரி, அப்படியாவது இருந்திருந்தால் மரியாதை. இவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வழமைபோல என் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டான். கோச் வேறு, மாமா வேறு என்பது அவன் சட்டம். நண்டுக் கறி. பெரிய காலாகப் பார்த்து எடுத்தான். மகன் எதிரே தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அப்போது இல்லை, செத்துப்போயிருந்தார். அதுவும் நல்லதுதான் என்று அன்று நினைத்தேன்.

தம்பி நண்டுக் காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே மகனுக்குச் சொன்னான். "இப்ப நோகும். பேந்து எனக்கு நன்றி சொல்லுவாய். நான் இப்பிடித்தான் வந்தனான். ஒருத்தரும் எனக்காக ஒரு வார்த்தை கேக்கேல்லை."

நான் அகப்பையை வைத்தேன். பிரெஞ்சில் சொன்னேன், அந்தக் காலையில் கிழவரிடம் சொன்னதை அப்படியே. நல்லது ஐயா, அழுகல் இல்லை, இன்றைக்குப் பச்சை, நாளைக்குப் பழுக்கும், சரியில்லாவிட்டால் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

"என்னக்கா, சந்தை நினைப்போ?" என்று சிரித்தான்.

"உன்னை வித்தது இப்பிடித்தான்" என்றேன். முழுவதையும் சொன்னேன். மறந்துபோன ரப்பர், தக்காளிப் பை, கிழவரின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நாலு எழுத்து, பக்கத்து ஹெல்மெட். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவன் கையில் இருந்த நண்டுக் கால் மெல்லக் கோப்பைக்கு இறங்கியது.

முதலில் சிரித்தது மகன். நான் பெற்ற பிள்ளையிடம் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாமாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் கேட்டான். அப்படியென்றால் என்னை ஏன் விற்கவில்லை என்று கேட்டான்.

"உன்னையும் வித்தனான்தான்" என்றேன். "வாங்கிறவன் வாங்கேல்லை."

தம்பி எழும்பினான். கைகூடக் கழுவவில்லை. "பொய்" என்றான். "நீ உன்ரை பிள்ளைக்காக இப்ப கட்டுற கதை." கறிக்கையோடு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். கதவுப் பிடியை நான்தான் துடைத்தேன்.

பொய் என்று சொன்னவன் அதோடு விட்டிருக்கலாம். அவனால் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை போன் எடுத்து, கிழவரிடம் கேட்கப் போவதாகச் சொன்னான். கிழவர் அஹுன்ட்சிக் பக்கம், ஆற்றங்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். நான் அவன் வீட்டுக்கே போய்க் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மடியில் ஒரு பை தக்காளி. வெறுங்கையோடு போகக் கூடாது.

கிழவர் ஜன்னலடியில் இருந்தார். மீசை அப்படியே, வயிறு போய்விட்டது. தம்பி போய் முன்னால் குனிந்து, கையை நீட்டினான். "கோச்" என்றான். அந்தச் சொல்லை அவன் அப்படிப் பணிந்து சொல்லி நான் கேட்டதில்லை. கிழவர் மரியாதைக்காகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போன்ஜூர். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நான் கோச்" என்றான் தம்பி. "உங்கடை இடத்திலை இருக்கிறன்."

"எதற்குக் கோச்?" என்றார் கிழவர்.

தம்பி தன் பெயரைச் சொன்னான், முழுப் பெயரையும். பிறகு அந்த நாலு எழுத்தைச் சொன்னான். விளையாடிய வருடங்களைச் சொன்னான். கடைசியில் அந்தப் பெரிய உடம்போடு அங்கேயே குனிந்து, கால்களுக்கிடையால் எறிந்தும் காட்டினான். தாதி ஒருத்தி நின்று பார்த்தாள். கிழவர் சின்னப் பிள்ளையின் சேட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அப்போது கிழவரின் கண் என் மடிக்கு வந்தது. பைக்கு வந்தது. முகம் விரிந்தது. "ஆ, தக்காளிப் பெண்!" என்றார். தாதியைக் கூப்பிட்டு, இவள் எனக்கு ஒரு பையனை விற்றவள் என்றார். என் சந்தைப் பிரெஞ்சை அப்படியே சொல்லிக் காட்டினார், திருப்பிக் கொண்டு வாருங்கள், வேறு தருகிறேன் என்பதுவரை. சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே அறிய வேண்டும் என்பதுபோல என்னிடம் கேட்டார்.

"அன்றைக்குப் பச்சையாக இருந்ததே. பழுத்ததா?"

தம்பி என் பக்கத்தில் நின்றான். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் நினைத்திருந்தால் "ஓம்" என்ற ஒரு சொல்லால் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். முன்பு ஒருமுறை காப்பாற்றிய ஆள்தானே. ஆனால் பிஞ்சிலேயே சூடுபட்டுப் பழுத்ததுபோலத் தெரிகிற பழத்துக்குச் சந்தைப் பிரெஞ்சில் எனக்குச் சொல் தெரியாது. தமிழில் சொன்னேன்.

"வெம்பிப்போச்சு, ஐயா."

கிழவர் விளங்கியதுபோலத் தலையாட்டினார். விளங்கியது தம்பிக்குத்தான்.

திரும்பி வரும்போது அவன் என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான். "அண்டைக்கு நீ வராட்டி, என்னைக் கழிச்சிருப்பாரோ?"

"கழிச்சுப்போட்டார். நான் வரேக்கை நீ அவரின்ரை சட்டைக் கையிலை இருந்தனீ" என்றேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் வருவதில்லை. மகன் ஃபுட்போலை விட்டுவிட்டான். மின்சார வேலை பழகுகிறான். தமிழ் பேசுவதையும் விட்டுவிட்டான். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். மாமாவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள், எனக்கு அம்மா மட்டும்தான் என்று ஒருநாள் யாரோடோ போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கேட்காததுபோல உடுப்பு மடித்தேன்.

போன ஆகஸ்டில், நான் இப்போதும் நிற்கிற அந்தச் சந்தைக் கடைக்குத் தக்காளி வாங்க ஒரு தாய் வந்தாள். அவளும் எங்கள் பங்குதான். அவளுடைய பிள்ளை தம்பியின் முகாமில் நின்றான். நான் கோச்சின் அக்கா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, ஒருக்கா அவரோடை கதைப்பமெண்டு விடிய வெள்ளன போனனான்" என்றாள். தம்பி இப்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதில்லையாம். பழைய கிழவர் மாதிரியே யாரும் வருமுன் சாமான் அறையில் தனியாக நின்று உரிக்கிறானாம். நான் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் மாறிவிட்டான் என்று நினைத்தேன்.

"கண்டு கதைச்சனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா" என்றாள். "உள்ளுக்கு வெளிச்சம் தெரிஞ்சது. டேப் உரிக்கிற சத்தமும் கேட்டது. எவ்வளவு தட்டியும் திறக்கேல்லை. கதவை உள்ளாலை பூட்டிப்போட்டுத்தான் உரிக்கிறாராம்."

அவள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்த வாழைப்பழம்.